தூண்டில் நரம்பில் தைத்த பைபிள்

என்னிடம் புத்தகம் இரவல் கேட்பவர்கள் ஒருமுறைதான் கேட்பார்கள். தரமாட்டேன் என்று நான் சொல்வதில்லை. தருவேன். ஆனால் தருவதற்கு முன் கையைக் காட்டச் சொல்வேன். எச்சில் தொட்டுப் புரட்டுவீர்களா, ஓரத்தை மடிப்பீர்களா, படுத்துக்கொண்டு வாசித்து மூஞ்சியில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவீர்களா என்றெல்லாம் விசாரிப்பேன். அதற்குள் அவர்களுக்கு வேறு ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று என் கணவர் பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் அத்தையின் கல்யாணத்திலிருந்து வந்தது என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

காரைக்காலில் எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். எங்களையெல்லாம் சேர்த்துக் கோயிலில் ஓர் அன்பியமாக, அதாவது ஒரு ஜெபக்குழுவாக, வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் முறைவைத்து ஒரு வீட்டில் கூடுவோம். ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லி, கடைசியில் சுண்டல் சாப்பிட்டுக் கலைவோம். இப்போதும் கூடுகிறார்கள். பாதிப்பேர் கைபேசியைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். நல்லதுதான், கைபேசியில் புளிக்குழம்பு பட்டால் துடைத்துவிடலாம்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அன்பியத்துக்கென்று ஒரே ஒரு பைபிள்தான் இருந்தது. கெட்டி அட்டை, பெரிய எழுத்து, தூக்கினால் தோள் இறங்கும் கனம். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டில், வெள்ளைத் துணி விரித்த முக்காலியின்மேல், மெழுகுவத்தி பக்கத்தில் அது ஒரு வாரம் தங்கும். தங்கும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அந்த ஒரு வாரமும் அது படாத பாடு படும். ஒரு வீட்டில் கைக்குழந்தை தூக்கத்தில் பயந்துகொள்கிறது என்று தலைமாட்டில் வைப்பார்கள். குழந்தை அதை நனைத்துவிடும். இன்னொரு வீட்டில் ஒரு வாத்தியார், பரீட்சைத் தாள் திருத்துகிற பழக்கத்தில், பிடித்த வசனங்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிடுவார். மெழுகு சொட்டும். பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, கொண்டை ஊசி எல்லாம் பக்க அடையாளமாக உள்ளே கிடக்கும். இதெல்லாம் போதாதென்று எங்கள் ஊர் உப்புக்காற்று வேறு. புதுசு வாங்கலாமே என்று யாராவது சொன்னால் அன்பியப் பொறுப்பாளரான அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். தெருவில் எத்தனை நோயாளி தலையில் வைத்து ஜெபித்த பைபிள் தெரியுமா என்பார்.

அதற்கு வைத்தியம் பார்த்தவள் என் அத்தை. அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கூடத்தில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். முப்பது தாண்டிவிட்டது. அவள் கல்யாணப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எனக்கு அம்மாவைவிட அவள்மேல்தான் உரிமை அதிகம். தலை பின்னிவிடுவது அவள், பாடம் கேட்பது அவள், அவள் பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். உலகம் அப்படித்தான் அமைந்திருக்கிறது, இனியும் அப்படியே இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பைபிள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அத்தை மைதாவில் துளி மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவாள், பூச்சி வராது. கிழிந்த ஓரத்துக்கு வெண்ணெய்த்தாளை நறுக்கி ஒட்டுவாள். மெழுகு சொட்டிய இடத்தில் பழைய தாளை வைத்து, பாதி ஆறிய இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுப்பாள். மெழுகு தாளுக்கு வந்துவிடும். கழன்ற பக்கங்களை மெழுகு தடவிய நூலால் தைப்பாள். செலோடேப் ஒட்டியிருந்தால் மட்டும் அவளுக்கு ஆத்திரம் வரும். "இதுக்குப் பேசாம கிழிச்சே போட்டிருக்கலாம்" என்பாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் அடுத்த வீட்டில் அதைக் கொடுத்துவிட்டுப் போவது என் பொறுப்பு.

கொஞ்ச நாளில் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் போதவில்லை எனக்கு. பைபிளைக் காப்பாற்றுவதற்காகவே நான் பிறந்திருக்கிறேன் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. காக்கி அட்டை போட்டேன். அதன்மேல் புடவைப் பெட்டியில் வந்த கெட்டிப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினேன். அத்தையிடம் கெஞ்சி, ஜாக்கெட் லைனிங் துணியில் நாடா வைத்த பை ஒன்று தைக்கச்சொல்லி வாங்கினேன். கொடுக்கிற வீட்டில் வாசலிலேயே நின்று, கைகழுவச் சொல்லி, தலைமாட்டில் வைக்காதீங்க, எண்ணெய்க் கையோடு தொடாதீங்க என்று பிரசங்கம் செய்வேன். தெருவில் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

இவ்வளவு செய்தும் ஒரு வீடு மட்டும் எனக்கு அடங்கவில்லை. தெருக்கோடியில் இருந்த மெக்கானிக் வீடு.

அவர் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பார்ப்பவர். கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் எந்நேரமும் அவரைத் தேடி வருவார்கள். அப்பா அம்மா இல்லை. அக்காமார்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அவருக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. அவர் வீட்டில் கூட்டம் என்றால் பாய்கூட மற்ற வீடுகளிலிருந்துதான் போக வேண்டும். சுண்டலுக்குப் பதிலாகக் கடை மிக்சர் கிடைக்கும் என்பதால் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த வீடு பிடிக்கும். எனக்கு மட்டும் பிடிக்காது. காரணம் அவருடைய கைகள். நகக்கண்ணில் கிரீஸ், ரேகைகளில் டீசல். திருப்பாடல்களில் ஒரு பக்கத்தில் அவருடைய கட்டைவிரல், கையெழுத்துப் போடத் தெரியாதவர் பத்திரத்தில் வைத்ததுபோல், அப்படியே பதிந்திருந்தது.

ஒரு தடவை பைபிளோடு ஒரு சோப்புக் கட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. மண்ணெண்ணெயில் கைகழுவி, பிறகு என் சோப்பில் கழுவி, இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

"போதுங்களா இன்ஸ்பெக்டர்?"

"நகம் இன்னும் கறுப்பா இருக்கு."

உள்ளே போய் மறுபடியும் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் பைபிளைக் கையில் கொடுத்தேன்.

ஆனாலும் பாருங்கள், பைபிள் அவர் வீட்டிலிருந்து ஒருதடவைகூட முழுசாகத் திரும்பியதில்லை. முதுகுத் தையல் விட்டிருக்கும். இல்லையென்றால் அட்டை கழன்றிருக்கும். மற்ற வீடுகளில் நான் போய்த்தான் வாங்கி வர வேண்டும். அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்ட வெள்ளைச்சட்டையோடு அதைத் தானே எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். அத்தை மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவாள்.

"மறுபடியும் விட்டுப் போச்சுங்க" என்பார், என்னமோ எஞ்சினைப் பற்றிச் சொல்வதுபோல்.

"பரவால்ல, வச்சிட்டுப் போங்க. தச்சிரலாம்."

"உங்களுக்குத்தான் சிரமம்."

"சிரமம் என்னங்க இதுல?"

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் இதைப் பேசி முடிக்க அவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு உலை கொதிக்கிற நேரம் ஆகும். நடுவில் நான் நின்று, எந்தப் பக்கம் கழன்றது, எப்படிக் கழன்றது என்று விசாரித்துக்கொண்டிருப்பேன். அவர் தலையைச் சொறிவார்.

போதாக்குறைக்கு அடிக்கடி அவர் முறை வர ஆரம்பித்தது. யார் வீட்டிலாவது வெள்ளையடிக்கிறார்கள், யாருக்காவது பிரசவம் என்றால் "நம்ம வீட்டுல வச்சுக்கலாம்" என்று ஏற்றுக்கொள்வார். எவ்வளவு பக்தி பாரு என்று தெருவே மெச்சியது. அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் அவர் பெயரையே எழுதிக்கொண்டு வந்தார். எனக்கு மட்டும் சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை பிரித்துவைத்த பழைய நூலை எடுத்துப் பார்த்தேன். இற்றுப்போன நூல் என்றால் நுனி பிசிறடித்திருக்கும். இதன் நுனி பிளேடு வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"அத்தை, இது தானா அறல. யாரோ அறுத்திருக்காங்க."

அவள் அந்த நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "பழைய நூலுடி. அப்படித்தான் அறும்" என்றாள். முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. ஊசி கைதவறி விழுந்ததற்குக்கூடச் சிரித்தாள். நான் அந்த நூல்துண்டைத் தீப்பெட்டிக்குள் போட்டுப் பத்திரப்படுத்தினேன். அடுத்து வந்த துண்டுகளும் அதற்குள் போயின.

கடைசியில் எனக்கு ஒரு வழி பிறந்தது. என் வகுப்பில் கிளிஞ்சல்மேட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் கேட்டு, தூண்டில் போடுகிற நைலான் நரம்பு ஒரு சுருள் வாங்கி வந்தேன். சுறாவே இழுத்தாலும் அறாது என்று அவள் சத்தியம் செய்து கொடுத்தது. அத்தைக்கு அதைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"இதெல்லாம் தாளை அறுத்துரும்டி. நூலே போதும்."

"அறுக்காது. நீ உள்ள துணி குடுத்துத் தை."

அம்மாவும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். எத்தனை தடவைதான் தைப்பாய், பிள்ளை நல்லதுதானே சொல்கிறது என்றாள். அத்தைக்கு மறுக்க வழியில்லை. தடித்த ஊசியை எடுத்து, உள்ளே நாடாத்துணி கொடுத்து, ஒவ்வொரு மடிப்பாகத் தைத்தாள். அவள் அவ்வளவு மெதுவாகத் தைத்து நான் பார்த்ததில்லை. முடித்ததும் நான் இரண்டு அட்டையையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவள் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். வெள்ளைச்சட்டை, கையில் பைபிள். முதுகில் ஒரு தையலும் விடவில்லை. நரம்பில் ஓரிடத்தில் பிளேடு கீறிய அடையாளம் மட்டும் லேசாக இருந்தது. பைபிளை நீட்டிவிட்டு அப்படியே நின்றார். அத்தையும் வந்து நின்றாள். சொல்வதற்கு இருவருக்கும் ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்குங்க" என்றார் அவர். அந்த மாதிரித் தோற்றுப்போன குரலில் யாரும் நல்லா இருக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"ம்" என்றாள் அத்தை.

"கெட்டியா தச்சிருக்கீங்க."

"அவதான் நரம்பு வாங்கியாந்தா."

அவர் என்னைப் பார்த்தார். நான் வெற்றிப் புன்னகையோடு நின்றிருந்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா தர்மசங்கடத்தோடு செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

அந்த வாரமே மெக்கானிக்கின் பெரிய அக்கா விழிதியூரிலிருந்து வந்து இறங்கினார். தட்டில் பழம், பூ, கற்கண்டு. அப்பா இந்தத் தடவை எழுந்து வாசலுக்குப் போகவில்லை. முதல்முறையாக உட்கார்ந்து பேசினார். அம்மா கேசரி கிண்டினாள். என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது எல்லாம் முடிவாகியிருந்தது. அத்தையைத் தேடினேன். அவள் கொல்லைப்பக்கம் நின்று முகம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பைபிளைக் கிழிக்கிற மனிதருக்கு எங்கள் அத்தையைக் கொடுப்பதா? அம்மாவிடம் கேட்டேன். "வாயை மூடு" என்றாள். அப்பாவிடம் கேட்டேன். "நல்ல மனுசம்மா அவரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் எல்லோரையும் மெக்கானிக் ஏமாற்றியிருக்கிறார், உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற முடிவுக்கு வந்தேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். மற்றவர்களுக்கு அது அடுத்த பாட்டுக்கு எழுந்து நிற்பதற்கு முன் வருகிற வாசகம். அத்தையின் பெயர் வாசிக்கப்பட்ட அன்று எனக்கு அது நேராக என்னைப் பார்த்துச் சொன்னதாகவே பட்டது. கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வார்த்தை பூசை முடியும்வரை காதுக்குள் ஓடியது.

சாயங்காலம் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஃபாதர் வீட்டுக்குப் போனேன். அவர் அப்போதுதான் காபி குடிக்க உட்கார்ந்திருந்தார்.

"ஸ்தோத்திரம் ஃபாதர். ஓலைக்குத் தடை சொல்ல வந்தேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "யாரோட ஓலைக்கும்மா?"

"எங்க அத்தையோடதுக்கு. மாப்பிள்ள பைபிள அறுக்கிறாரு."

தீப்பெட்டியைத் திறந்து நூல்துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தேன். நுனியைப் பாருங்க ஃபாதர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். முறைக்கு முறை அவர் வீட்டில்தான் அறுந்தது, வேறு வீட்டில் இப்படி அறவில்லை, நைலான் போட்டபிறகும் கீறிப் பார்த்திருக்கிறார் என்று அடுக்கினேன். ஃபாதர் ரொம்பக் கவனமாகக் கேட்டார்.

"அறுந்தப்புறம் யாரு தைப்பாங்க?"

"அத்தைதான்."

"கொண்டுவந்து குடுக்கிறது?"

"அவரேதான் வருவாரு. வெள்ளச்சட்ட போட்டுக்கிட்டு."

அவருக்குப் புரையேறிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தபிறகு காபியைக் குடிக்கவேயில்லை, எப்படிப் புரையேறியது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். தோள் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகத்தைக் கண்டிப்பாக வைத்திருந்தார்.

"பெரிய விஷயம்தான். நீ வந்து சொன்னது ரொம்ப சரி. நான் விசாரிக்கிறேன். வேற யார்கிட்டயும் சொல்லாத."

அடுத்த ஞாயிறும் ஓலை வாசிக்கப்பட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூசை முடிந்து ஃபாதர் என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

"விசாரிச்சேன். ஒத்துக்கிட்டாரு."

"அப்ப கல்யாணம்?"

"குத்தத்துக்குத் தண்டனை குடுத்தாச்சு. முழு பைபிளையும் முதல் பக்கத்துலேர்ந்து சத்தமா வாசிச்சு முடிக்கணும். பைபிள் அவர் வீட்டுக்கு வரப்பல்லாம் வாசிப்பாரு. ஒரு வரி விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். போதுமா?"

எவ்வளவு பெரிய பைபிள் என்று சுமந்தவளுக்குத்தான் தெரியும். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன். ஆனால் நியாயம் கிடைத்த மாதிரி உள்ளே ஒன்றும் தோன்றவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இன்றைக்கும் அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மாமாவுக்கு முன்நெற்றி பின்னந்தலைவரை போய்விட்டது. கல்யாணத்தன்று நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பூக்கூடை பிடித்தேன். மெஷினை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றித் தெருக்கோடிக்குக் கொண்டுபோனார்கள். ஒரே தெருதானே, கூப்பிடு தூரம்தானே என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

பிறகு அந்த வீட்டுக்கு அன்பியக் கூட்ட முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பைபிளைக் கொண்டுவருவார் என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. நானே போனேன்.

அவர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். யார் யாரைப் பெற்றார்கள் என்று வரிசையாகப் பெயர் வருகிற இடம். அத்தை கீழே உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெயரில் அவர் தடுக்கி விழ, அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். தண்டனை அனுபவிக்கிறவர் முகமாக அது எனக்குத் தெரியவில்லை.

"வாடி, வாடி" என்று அத்தை எழுந்தாள். "சாப்பிட்டுட்டுப் போறியா?"

எங்கள் வீட்டில் இருந்தவரை அவள் என்னை அப்படிக் கேட்டதே கிடையாது. உருட்டி வாயில் திணிப்பாள், அவ்வளவுதான். இப்போது ஒரு தட்டில் பிஸ்கட்டை அடுக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வேண்டாம் என்றேன். மாமா கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுப் பைபிளை நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கா பாத்துக்குங்க இன்ஸ்பெக்டர்."

அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். முதுகு கெட்டியாக இருந்தது. மூலைகள் மடங்கவில்லை. மெழுகு இல்லை, டீசல் இல்லை. பிளாஸ்டிக் தாளைக்கூட ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். அத்தை தைப்பதற்கு அதில் ஒரு தையல்கூட இல்லை, ஒட்டுவதற்கு ஒரு ஓரம்கூட இல்லை. சரியா இருக்கு என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினேன்.

தெருவில் நடந்து வரும்வரை ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா பதறிப்போய் ஓடிவந்தாள்.

"என்னடி? பைபிளக் கீழ போட்டுட்டியா? கிழிஞ்சுபோச்சா?"

"இல்லம்மா. நல்லா இருக்கும்மா" என்றேன். "ஒண்ணுமே ஆகலம்மா" என்று சொல்லி இன்னும் பலமாக அழுதேன்.

அம்மா பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னைச் சேர்த்து அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். ஒரு சேதமும் இல்லாமல் திரும்பி வந்த பைபிளுக்காக ஒருத்தி ஏன் இப்படி அழ வேண்டும் என்பது எனக்குத்தான் விளங்கவில்லை.